மாப்பிள்ளை வாங்கிய வெள்ளிக் கோப்பை

மாப்பிள்ளை வாங்கிய பொருளை மாமனார் குறை சொல்லக் கூடாது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. ஆனால் மீறிப் பாருங்கள், அன்று சாயங்காலமே சமையலறையில் தீர்ப்பு வாசித்துவிடுவார்கள். அதனால் நான் மூன்று வாக்கியங்களைக் கைவசம் வைத்திருக்கிறேன். துணியானால் "கலர் எடுப்பா இருக்கு". பழமானால் "நல்ல தித்திப்பு". எலக்ட்ரிக் சாமான் எதுவானாலும் "சத்தமே இல்லையே". மகளுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மூன்றை வைத்தே மரியாதையாகக் காலம் தள்ளிவந்தேன்.

போன கோடையில் லண்டனில் மகள் வீட்டில் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை ஆறு கோப்பைகளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைமேல் வரிசையாக வைத்தார். உயரமான கால் வைத்த கோப்பைகள். ராஜா வேஷக்காரர் கையில் பார்த்திருப்பீர்கள்.

"மாமா, விக்டோரியா காலத்து வெள்ளி. ஆறும் பதினஞ்சு பவுண்டுக்கு முடிச்சிட்டேன்."

என் கையிருப்பில் இருந்த மூன்றுமே இதற்குப் பொருந்தவில்லை.

வாங்கிய இடம் டிக்கி சந்தை. ஊருக்கு வெளியே ஒரு புல்வெளியில் கார்களை வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து, வீட்டில் வேண்டாததை எல்லாம் பரப்பி விற்பார்கள். கார் பூட் சேல் என்பது அதன் அரசாங்கப் பெயர். ரொட்டி சுடாத டோஸ்டர், ஒரு கால் ஸ்கேட், போய்ச் சேர்ந்த தாத்தாவின் புகைக்குழாய் எல்லாம் கிடைக்கும். வெள்ளி முலாம் பூசிய கோப்பை கட்டாயம் கிடைக்கும். கல்யாணத்துக்கு, இருபத்தைந்தாம் கல்யாண நாளுக்கு, ரிடையர்மென்டுக்கு, அம்பு எறிகிற போட்டியில் இரண்டாவதாக வந்ததற்கு என்று அந்த நாட்டில் கோப்பை கொடுக்காத சந்தர்ப்பமே இல்லை. வாங்கினவர் அதில் எதையும் குடிப்பதில்லை. தூக்கி எறியவும் மனசு வருவதில்லை. பேரன் காலத்தில் அது டிக்கிக்கு வந்துவிடுகிறது.

இங்கே என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பேங்க் சர்வீஸில் பெரும்பகுதியை நகைக்கடன் கவுண்டரில் கழித்தவன் நான். மதிப்பீட்டாளர் பக்கத்து நாற்காலி. உரைகல், அமிலம், அரம் மூன்றையும் தினமும் பார்த்துப் பார்த்து, கல்யாண வீட்டில் எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கழுத்தைப் பார்க்கிற கெட்ட பழக்கம் வந்துவிட்டது. கோப்பையைப் பார்த்ததும் கை தானாகப் போய் அதைக் கவிழ்த்தது.

"கரெக்டா கவுத்துட்டீங்க மாமா! அங்கதான் இருக்கு விஷயம். நாலு முத்திரை பாருங்க!"

நாலு முத்திரை இருந்தன. நாலு குட்டிக் கேடயங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் பழைய தேவாலயத்துப் பாணியில் ஒரு ஆங்கில எழுத்து: இ, பி, என், எஸ்.

அசல் இங்கிலாந்து வெள்ளியில் இருக்கும் முத்திரைகளே வேறு. சோதனைச்சாலை வெள்ளியைச் சுரண்டிப் பார்த்து, ஆயிரத்துக்கு 925 பங்கு சுத்தம் என்றால்தான் நடக்கிற சிங்கத்தை அடித்துக் கொடுக்கும். 1544-லிருந்து அந்தச் சிங்கம் நடந்துகொண்டிருக்கிறது. அதோடு ஊருக்கு ஒரு சின்னம் உண்டு. லண்டன் என்றால் சிறுத்தைத் தலை, பர்மிங்காம் என்றால் நங்கூரம், ஷெஃபீல்ட் என்றால் கிரீடம். ஷெஃபீல்டுக்கு மட்டும் 1975-லிருந்து கிரீடம் போய் ரோஜா வந்துவிட்டது. கடலே எட்டிப்பார்க்காத பர்மிங்காமுக்கு எதற்கு நங்கூரம் என்று கேட்பீர்கள். 1773-ல் பர்மிங்காம், ஷெஃபீல்ட் இரண்டு ஊர்க்காரர்களும் தங்களுக்குச் சோதனைச்சாலை வேண்டும் என்று லண்டனுக்கு மனுப் போடப் போனார்கள். 'கிரவுன் அண்ட் ஆங்கர்' என்ற மதுக்கடையில் கூடிப் பேசினார்கள், கடைப் பெயரையே ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அரசாங்க முத்திரைகள் பிறக்கிற விதம் தெரிந்தவனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இதற்கெல்லாம் மேலே ஆண்டு எழுத்து. லண்டனில் 1478-லிருந்து வருஷத்துக்கு ஓர் எழுத்து. 1974 வரை ஏ-யில் ஆரம்பித்து இருபது எழுத்து ஓடும், பிறகு எழுத்தின் பாணியையும் கேடயத்தின் வடிவத்தையும் மாற்றி மறுபடி ஏ. நம் பிரபவ, விபவ வருஷங்கள் அறுபதில் ஒரு சுற்று முடிப்பதை இவர்கள் இருபதில் முடித்தார்கள். எந்தச் சுற்று என்று தெரியாவிட்டால் தாத்தா பிறந்ததா பேரன் பிறந்ததா என்று குழம்புகிற சங்கடம் மட்டும் இரண்டு ஊருக்கும் பொது. சுற்று பிடிபட்டுவிட்டால் அசல் வெள்ளிக்குப் பிறந்த வருஷத்தைச் சொல்லிவிடலாம்.

முலாம் போடுகிறவனுக்கு இந்த வசதி கிடையாது. சிங்கம் போட்டால் சிறை. ஆனால் நாலு எழுத்தை நாலு கேடயத்துக்குள் வரிசையாக அடிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கண்ணாடி போடாமல் பார்த்தால் ஹால்மார்க், போட்டுப் பார்த்தால் 'எலக்ட்ரோ பிளேட்டட் நிக்கல் சில்வர்'. மின்சாரத்தால் முலாம் பூசிய நிக்கல் சில்வர் என்று அவன் உண்மையைத்தான் எழுதியிருக்கிறான். படிக்க முடியாத எழுத்தில் எழுதியிருக்கிறான், அவ்வளவுதான். நம் ஊர் இன்ஷூரன்ஸ் பாலிசியின் பின்பக்கத்தைப் படித்தவர்கள் அவனை மன்னித்துவிடுவார்கள்.

அந்த நிக்கல் சில்வர் என்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. குந்துமணி வெள்ளி கிடையாது. தி. நகர் கடைகளில் வளைகாப்புக்கும் நவராத்திரிக்கும் ரிட்டர்ன் கிஃப்ட் என்று டஜன் கணக்கில் அள்ளுகிறோமே ஜெர்மன் சில்வர் குங்குமச் சிமிழ், அதற்கும் இதுதான் பூர்வீகம்.

இதை எல்லாம் மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? "முத்திரை நல்லா தெளிவா இருக்கு மாப்பிள்ளை" என்றேன். நாலாவது வாக்கியம் அப்படித்தான் பிறந்தது.

என் தனிப்பட்ட சித்தாந்தம் ஒன்று உண்டு. கோப்பையின் அடியில் எழுத்து கூடக் கூட, வெள்ளி குறையும். ஷெஃபீல்ட் பிளேட் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1740-களில் அந்த ஊரில் தாமஸ் பௌல்சோவர் என்ற கத்தித் தொழிலாளி, வெள்ளித் தகட்டையும் செம்பையும் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே தகடாக அடிபடும் என்று கண்டுபிடித்தார். நூறு வருஷம் அந்தச் சாமான் சக்கைப்போடு போட்டது. தகட்டை வெட்டிய ஓரத்தில் நடுச் செம்பு சிவப்பாகத் தெரியும் என்பதால், விளிம்பில் வெள்ளிக் கம்பி வைத்து மூடுவார்கள். நகத்தால் விளிம்பை அடிப்பக்கமாக வருடினால் அந்த மடிப்பு இடறும். 1840-ல் பர்மிங்காமில் எல்கிங்டன் என்ற கம்பெனிக்காரர் மின்சார முலாமுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு வேண்டிய சயனைடு கரைசலைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் ஜான் ரைட் என்ற அறுவை மருத்துவர். வைத்தியர் கையில் சயனைடு என்றதும் பயப்பட வேண்டாம், பாத்திரம்தான் முங்கியது. கொஞ்ச காலத்தில் பழைய தொழில் படுத்துவிட்டது. ஆனால் பழைய பெயருக்கு மவுசு போகவில்லை. இன்றைக்கு டிக்கியில் கிடக்கும் ஒரு சாமானின் அடியில் 'ஷெஃபீல்ட் பிளேட்' என்று அழகாக அடித்திருந்தால், அது பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டு மின்முலாம். அசல் ஷெஃபீல்ட் பிளேட் தன் பெயரைச் சொல்லிக்கொள்வதில்லை.

எதிர்ப்பக்கம் பாருங்கள். மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்ட் சன்ஸ் இருக்கிறதே, 19-ஆம் நூற்றாண்டில் அவர்கள் சுவாமி உருவங்கள் பதித்த வெள்ளிச் சாமான் செய்து பேர் வாங்கினார்கள். 1875-76-ல் இந்தியாவைச் சுற்றிப்பார்க்க வந்த வேல்ஸ் இளவரசருக்குப் பரிசாகப் போன சுவாமி டீ செட் அவர்கள் வேலைதான். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்திலும் இந்தியாவில் சோதனைச்சாலை முத்திரை கிடையாது. அதனால் சிங்கமும் இல்லை, சிறுத்தையும் இல்லை. கடைப் பெயரை மட்டும் அடித்தார்கள். உள்ளே இருந்தது அசல் வெள்ளி.

சரி, வெள்ளி இல்லை. வயசாவது உண்டா? விக்டோரியா மகாராணி 1901-ல் காலமானார். அதற்கு முன் பிறந்ததா பின் பிறந்ததா என்பதுதான் வழக்கு.

மாப்பிள்ளை காட்டிய முதல் சாட்சி, அடியில் இருந்த நாலு இலக்க எண். "1883 மாமா!" அது வருஷம் இல்லை, பட்டறையின் மாடல் நம்பர். முலாம் சாமானில் இருக்கும் நாலு இலக்கத்தை எல்லாம் வருஷம் என்று நம்பினால், நம் வீட்டு மின்சார மீட்டர்கூட மொகலாயர் காலத்ததாகிவிடும். அமெரிக்காவில் இன்னும் வேடிக்கை. '1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்' என்று ஒரு கம்பெனிப் பெயர் உண்டு. அண்ணன் தம்பிகள் முலாம் தொழில் தொடங்கிய வருஷத்தையே பெயரில் சேர்த்துவிட்டார்கள். நூறு வருஷம் கழித்துச் செய்த ஸ்பூனிலும் 1847 என்றுதான் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு உள்நாட்டுப் போருக்கு முந்தைய ஸ்பூன் என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள், வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

நம்பக்கூடிய சாட்சிகள் சிறியவை. அடியில் வைர வடிவக் கட்டம் ஒன்றும் அதன் மூலைகளில் எழுத்துகளும் இருந்தால், அது வடிவமைப்பைப் பதிவு செய்த முத்திரை. 1842-லிருந்து 1883 வரை போட்டார்கள். எந்த மூலையில் எந்த எழுத்து என்று பட்டியலில் பார்த்தால் பதிவான தேதியே கிடைக்கும். 1884-லிருந்து கட்டம் போய் 'ஆர்டி நம்பர்' வந்தது. ஒன்றில் ஆரம்பித்து 1900 வாக்கில் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஏழு லட்சத்துச் சொச்சம் என்று ஒருவர் விக்டோரியா பெயரைச் சொன்னால் அடுத்த டிக்கிக்கு நகரலாம். முலாம் சாமானில் கிரீடம் இருந்தால் சந்தோஷப்படலாம். ஷெஃபீல்டின் வெள்ளி முத்திரையோடு குழப்புகிறது என்று 1896-ல் முலாம்காரர்களுக்குக் கிரீடத்தைத் தடை செய்துவிட்டார்கள். 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிறகு. நாட்டின் பெயர் இல்லாத சரக்கை உள்ளே விடமாட்டேன் என்று அமெரிக்கா அந்த வருஷம் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. 'மேட் இன் இங்கிலாந்து' என்று முழு வாக்கியமே இருந்தால் அநேகமாக 20-ஆம் நூற்றாண்டு.

கோப்பையின் வயிற்றில் பெயர் பொறித்திருந்தாலும் சாட்சிதான், ஆனால் அரைச் சாட்சி. பரிசு கொடுத்த வருஷம் அது. கோப்பை அதற்கு முன்னால் எவ்வளவு காலம் கடை அலமாரியில் தூங்கியது என்று சொல்லாது.

எங்கள் ஆறு கோப்பைகளில் நாலின் பாதத்தைச் சுற்றி, பூதக்கண்ணாடிக்கு மட்டும் தெரிகிற பொடி எழுத்தில், 'மேட் இன் இங்கிலாந்து' இருந்தது. கோப்பைகளின் உள்ளே தங்க முலாம். ஒயினின் புளிப்பு வெள்ளியைக் கெடுக்காமல் இருக்கப் பூசுவது அது. செட்டாக வெல்வெட் பெட்டியில் வைத்து 1970-களில் கல்யாணப் பரிசாகக் கொடுத்து மாய்ந்த ரகம். எனக்கே அந்தக் காலத்தில் முடி இருந்தது. அதைப் பழம்பொருள் என்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை.

மீதி இரண்டு வேறு ரகம். முத்திரையே இல்லை. சற்று கனம் கூட. பாதத்தின் அடியில் எப்போதோ ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் பசை மட்டும் வட்டமாகக் கறுத்துக் கிடந்தது. எழுத்து குறைந்தால் வெள்ளி கூடும் என்ற என் சித்தாந்தப்படி எனக்குக் கொஞ்சம் படபடப்பு வந்தது என்பது உண்மை.

"உங்க பேங்க்ல எப்படி மாமா செக் பண்ணுவீங்க?" என்று மாப்பிள்ளை கேட்டார். பேங்கில் அரத்தால் ஆழமாக ஒரு கீறு கீறி, உள்ளே என்ன நிறம் என்று பார்த்து, ஒரு சொட்டு அமிலம் விடுவோம். மாப்பிள்ளை வாங்கிய கோப்பையில் அரம் போட்ட மாமனார் என்று நான்கு தலைமுறைக்குப் பெயர் நிற்கும். வேண்டாம். பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துவந்து வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. முகம் மலர்ந்தது. வெள்ளியும் காந்தத்தில் ஒட்டாது, பித்தளையும் ஒட்டாது, செம்பும் ஒட்டாது என்று நான் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் என் மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கும்பகோணத்துக்காரி. பாத்திரக் கடைகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள். ஆண்டு எழுத்து, வைரக் கட்டம் எதுவும் அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. கோப்பையை எடுத்தாள். அடியைப் பார்க்கவே இல்லை. வாய் விளிம்பைப் பார்த்தாள், பாதத்தின் ஓரத்தைப் பார்த்தாள், பூவேலையின் மேட்டைக் கட்டைவிரலால் தடவினாள். மூன்றும் தேய்கிற இடங்கள்.

"கருப்பா இருக்குங்க, தேய்ச்சுப் பாத்தாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ரசத்துக்குக் கரைத்த புளியின் சக்கை இன்னும் கிண்ணத்தில் இருந்தது. அதை எடுத்து இரண்டு விரலால் விளிம்பில் அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றினாள். முலாம் இருந்த இடத்துக் கறுப்பு அப்படியே நின்றது. வெள்ளியின் கறுப்புக்குப் புளி சரிப்படாது, விபூதிதான் வேண்டும். ஆனால் தேய்ந்த விளிம்பில், குழாய்த் தண்ணீர் பட்டதும், நூலிழை அகலத்துக்குப் பளீரென்று மஞ்சள் எழுந்தது. குத்துவிளக்கைத் தேய்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த மஞ்சளை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

நான் முத்திரைகளோடு போராடிய நேரத்தில் அவள் முடித்தது இதைத்தான். முத்திரை, அடித்தவன் சொல்ல விரும்புவதைச் சொல்லும். தேய்ந்த இடத்துக்கு அந்த விருப்பம் கிடையாது. அங்கே சிவப்பு தெரிந்தால் செம்பு. மஞ்சள் என்றால் பித்தளை. லேசாகப் பழுத்த வெண்மை என்றால் நிக்கல் சில்வர். மங்கிய ஈய நிறமாக, தட்டினால் டொக் என்று ஊமைச் சத்தம் கேட்டால் பிரிட்டானியா மெட்டல். தகரமும் ஆன்டிமனியும் கலந்தது, இ.பி.பி.எம். என்று போட்டிருப்பார்கள், எளிதில் நசுங்கும். எங்கே தேய்ந்தாலும் அதே வெள்ளை என்றால், கடைக்காரர் விலையை மாற்றுவதற்குள் காசைக் கொடுத்துவிட வேண்டும்.

இன்னும் கொஞ்சம் புளி போட்டு ஸ்டிக்கர் பசையையும் தேய்த்தாள். அதற்கு அடியிலிருந்து ஐந்து ஆங்கில எழுத்துகள் எழுந்து வந்தன: இந்தியா.

மேஜையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. உத்தரப் பிரதேசத்தில் மொராதாபாத் என்று ஒரு ஊர். பித்தளை நகரம் என்றே பெயர். பித்தளையில் கோப்பை வார்த்து, மேலே மெல்லிசாக வெள்ளி முலாம் காட்டி, உலகம் முழுவதும் அனுப்புகிறார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய சாமான் கடைக்குக் கடை அந்தச் சரக்கு இருக்கிறது.

மாப்பிள்ளை தலையைத் தூக்கினார். கண்ணில் ஒளி குறையவே இல்லை. "விக்டோரியா மகாராணி இந்தியாவுக்கும் மகாராணிதானே மாமா?"

இப்படிப்பட்ட வாதத்தை நான் சர்வீஸில் கேட்டதில்லை. "நல்ல வெயிட்டு மாப்பிள்ளை" என்றேன். ஐந்தாவது வாக்கியமும் கிடைத்துவிட்டது. ஆறு கோப்பைகளும் இப்போது அவர் வீட்டு ஷோகேஸில் இருக்கின்றன. வருகிறவர்களிடம் அவர் என்ன சொல்கிறார் என்று நான் விசாரிப்பதில்லை.

நீங்களும் எங்கேயாவது இப்படி ஒன்றை வாங்கியிருந்தால், உருக்கி விற்கலாம் என்று சௌகார்பேட்டைக்குக் கிளம்பிவிடாதீர்கள். கணக்கு சொல்கிறேன். கோப்பையின் உள்ளும் புறமும் சேர்த்து 300 சதுர சென்டிமீட்டர், முலாம் பத்து மைக்ரான் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், மொத்த வெள்ளி மூன்று கிராம் சொச்சம். அதைப் பிரித்தெடுக்கிற கூலி அதைவிடக் கூட. தினமும் விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் முலாம் துணியோடு போகும். பாத்திரம் கழுவும் மிஷினில் போடவே போடாதீர்கள். உள்பக்கம் மஞ்சளோ சிவப்போ தெரிய ஆரம்பித்துவிட்ட கோப்பையில் மோர், ரசம், எலுமிச்சை ஜூஸ் எதையும் ஊற்றிவைக்காதீர்கள். களிம்பு ஏறும், வயிற்றைப் புரட்டும். பேனா, சீப்பு, சில்லறை போட்டுவைக்கலாம்.